இடது பக்கம் வேலை செய்யாத ஹெட்போன்

சனிக்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது கொயர் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், வங்கியில் வேலை. யாரையும் கடிந்து பேசத் தெரியாது. அதனாலேயே அவர் குரலைத் தாழ்த்தினால் ஏதோ குறை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க குரலு தனியா கேக்கு," என்றார்.

வெளியாட்களுக்கு இது பாராட்டு மாதிரி தோன்றலாம். சர்ச்சில் சேர்ந்து பாடும் கொயரில் இதைவிட மோசமான பேச்சு கிடையாது. நாலு குரலும் சேர்ந்து ஒன்றாகக் கேட்க வேண்டிய இடத்தில் ஒருத்தியின் குரல் மட்டும் தனியாகக் கேட்டால் அவள் தப்பாகப் பாடுகிறாள் என்று அர்த்தம். நான் எங்கள் கோயிலில் இருபத்திரண்டு வருடமாக ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். மேல்குரல் பாடும் சோப்ரானோக்கள் ராகத்தைப் பாடிப் பேர் வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் அடியில் நின்று முட்டுக்கொடுப்போம். இத்தனை வருடம் ஒழுங்காக முட்டுக்கொடுத்த நான், இந்த ஒரு வருடமாக, பாதிப் பாட்டில் நழுவி சோப்ரானோவின் ராகத்துக்குள் போய் விழுகிறேனாம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடும் கீத ஆராதனைக்கு ஏழு வாரம்தான் இருந்தது. ஒரு மாதம் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் இந்த வருடம் மட்டும் கீழே உட்கார்ந்து கேளுங்கள் என்றார்.

'இந்த வருடம் மட்டும்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அப்படிக் கீழே உட்கார்ந்த யாரும் திரும்ப மேலே ஏறியதில்லை. வீட்டிலும், மாட்டுங்காவில் நான் கிளார்க்காக இருக்கும் பள்ளி அலுவலகத்திலும், போகவர இரண்டு வேளை டிரெயினிலும் என்னை யாராவது எதற்காவது நகரச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கொயரில் இரண்டாவது வரிசையில் நான் நிற்கும் அந்த ஒரு அடி இடத்திலிருந்து மட்டும் யாரும் என்னை நகரச் சொன்னதில்லை. அதுவும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. வயது நாற்பத்தொன்பது. குரல் போகிற வயதுதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மாஸ்டர் வழியும் சொல்லித்தான் அனுப்பினார். அந்த வருடம் அவர் ஒவ்வொரு குரல்காரருக்கும் தனித்தனியாகப் பாட்டைப் பதிவுசெய்து போனுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். எங்களுக்கு வந்ததில் இடது காதில் ஆல்ட்டோ மட்டும், வலது காதில் மற்ற மூன்று குரல்களும். கேட்டுக்கொண்டே கூடப் பாடிப் பழக வேண்டும். போனின் ஸ்பீக்கரில் போட்டால் எல்லாம் கலந்து கூழாகிவிடும், நல்ல ஹெட்போனில்தான் கேட்க வேண்டும் என்றார்.

ஹெட்போன் வேண்டும் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், வீட்டில் ஏற்கனவே இரண்டு பேர் அதற்குக் காத்திருந்தது தெரிந்தது. எங்கள் வீடு தாராவியில் ஒரு அறை, அதற்கு மேலே ஏணியில் ஏறிப் போகும் ஒரு பரண். பரண் மகளுடையது. கல்லூரியில் இரண்டாம் வருடம். போனில் சிநேகிதிகளோடு சேர்ந்து துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவாள். எதிரி எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்பது காலடிச் சத்தத்தில் துல்லியமாகத் தெரிய வேண்டும், தான் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்க மைக் வேண்டும், சுட்டதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. இவை அவளுடைய நிபந்தனைகள். என் வீட்டுக்காரர் குர்லாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர். வந்து குளித்துச் சாப்பிட்டால் படம். அடிதடி இல்லாத படத்தை அவர் படமாகவே கணக்கில் எடுப்பதில்லை. அவருக்கு நெஞ்சில் இடிக்கிற பேஸ் வேண்டும், காதை மூடுகிற பெரிய மெத்தை வேண்டும். எனக்குத் தலையை இறுக்காமல் இருந்தால் போதும்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்றே வாங்குவது என்று முடிவானது. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. சார்ஜ் போட வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். விளையாட்டுக்கு ஆகிறது பாட்டுக்கு ஆகாது, பாட்டுக்கு ஆகிறது படத்துக்கு ஆகாது என்று மகள் ஒரு வாரம் போனைப் பார்த்துப் பார்த்துப் பாடம் எடுத்தாள். வயர் வைத்ததுதான் நிற்கும் என்பது அவர் கட்சி. அவள் போனில் வயர் சொருக ஓட்டையே இல்லை. ஓட்டையில்லாத போனை யார் வாங்கச் சொன்னது என்று அவர் கேட்க, வாங்கித் தந்ததே அவர்தான் என்று அவள் சொல்ல, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கலவரம் நடந்த ஊரில் சமாதானக் கமிட்டி மாதிரி நான் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டதும் நேராக குர்லா. ஸ்டேஷனை ஒட்டி மொபைல் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் சந்தில், அவர் ஒர்க்‌ஷாப்பில் யாரோ சொன்ன ஒரு கடை. மூன்று ஆள் நின்றால் நாலாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். மகள் எட்டு ஹெட்போன்களை மாட்டி மாட்டி விளையாடிப் பார்த்தாள். அவர் ஒவ்வொன்றிலும் ஒரே சண்டைக்காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தலையை ஆட்டினார். ஒன்றில் காலடி கேட்டால் இடி கேட்காது, இடி கேட்டால் பாட்டில் குரல் அமுங்கும். ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டு பேருக்கும் ஒத்து வந்தது ஒரு கறுப்பு ஹெட்போன், வயர் இல்லாதது, மைக் வைத்தது. நீயும் போட்டுப் பார் என்று என்னிடம் நீட்டினார்கள்.

எனக்குப் பசி. கால் வலி. கழுத்தெல்லாம் வேர்வை. நல்லாத்தான் இருக்கும், கட்டச் சொல்லுங்க என்றேன். எதை வாங்கப் போனாலும் என் முறை வருவதற்குள் நான் களைத்துவிடுவேன். செருப்பைக்கூட இரண்டு காலிலும் போட்டுப் பார்த்து வாங்கிய ஞாபகம் இல்லை.

கல்லூரி விட்டு வந்ததும் மகள், சாப்பிட்ட பிறகு அவர், ஆபீஸ் விட்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் அரை மணி நேரம் நான் என்று பங்கு பிரித்தோம். செவ்வாய்க்கிழமை என் அரை மணி நேரத்தில் முதல் முறையாக அதை மாட்டிக்கொண்டு மாஸ்டர் அனுப்பிய பாட்டைப் போட்டேன். வலது காதில் மூன்று குரலும் அருமையாகக் கேட்டன. இடது காதில் ஒன்றும் இல்லை. இரைச்சல்கூட இல்லை.

மாஸ்டர்தான் ஆல்ட்டோவைச் சேர்க்க மறந்துவிட்டார் என்று நினைத்து அவருக்குச் செய்தி அனுப்பினேன். மற்ற ஆல்ட்டோக்கள் எல்லோருக்கும் கேட்கிறதே என்று பதில் வந்தது. அப்படியானால் கோளாறு ஹெட்போனில்தான். இதை வீட்டில் சொல்லியிருக்கலாம். சொன்னால், வயர் வைத்தது வாங்கு என்று அன்றைக்கே சொன்னேனே என்று அவர் ஆரம்பிப்பார், அவள் பதிலுக்கு ஏறுவாள். அந்தக் கச்சேரியை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. மறுநாள் சாயங்காலம் மாட்டுங்காவில் டிரெயின் ஏறி, சயானில் இறங்காமல் குர்லாவரை போனேன். கடைக்காரர் வியாபார மும்முரத்தில் இருந்தார். இடது பக்கம் வேலை செய்யவில்லை என்றதும் சோதிக்காமலே வேறொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதே கறுப்பு, அதே பெட்டி. வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த இரண்டாவதிலும் இடது பக்கம் வேலை செய்யவில்லை.

அதற்குள் பத்து நாள் ஓடியிருந்தது. ஆபீசில் அட்மிஷன் ஃபாரங்கள், வீட்டில் தண்ணீர் வராத வாரம், நடுவில் ஒரு சனிக்கிழமை பயிற்சியில் மாஸ்டர் என் பக்கம் பார்க்காமலே பாட்டை நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கச் சொன்னது, எல்லாம் சேர்ந்து எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. குர்லா கடையில் போய் நின்று, டூப்ளிகேட் சரக்கை விற்று ஏமாற்றுகிறீர்களா, திருட்டு வியாபாரமா என்று என் பம்பாய் ஹிந்தியில் கத்தினேன். நான் சண்டை போடுகிறவள் இல்லை. போட்டால் நிறுத்தத் தெரியாது.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். என் போனில் பாட்டைப் போடச் சொல்லி, ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக் கேட்டார். பக்கத்தில் சார்ஜர் வாங்க நின்ற பெண்ணிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னார். இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கிறது என்றாள் அவள். பிறகு அவர் மெத்தைகளைத் துணியால் துடைத்தார். ஹெட்போனைத் திருப்பினார். இடது பக்கத்தை என் வலது காதில் வைத்து மாட்டிவிட்டார்.

ஆல்ட்டோ கேட்டது. தனியாக, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு படியாக இறங்கி ஏறி. நான் ஒரு வருடமாகத் தொலைத்த குரல் அத்தனை பக்கத்தில் கேட்டது. இப்போது மற்ற மூன்று குரல்களையும் காணோம்.

காது டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவர் ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார். அவரைத் திருடன் என்று சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்துவிட்டேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

திரும்பும் டிரெயினில் லேடீஸ் பெட்டியில் நெருக்கியடித்து நின்றபடி வலது காதை விரலால் அடைத்துப் பார்த்தேன். சுற்றிலும் பெண்கள் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். டிரெயின் சத்தமில்லாமல் ஓடியது. விரலை எடுத்தேன், சத்தம் திரும்ப வந்தது. சயான் வருவதற்குள் பத்து தடவையாவது எடுத்து எடுத்து மூடியிருப்பேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஆபீசில் போன் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை வலது கைக்கு மாற்றுவேன். எழுத வேண்டியிருந்தால் திண்டாடுவேன். இடது கையில் பிடித்தால் என்ன என்று எல்லோரும் கேலி செய்திருக்கிறார்கள். கொயரில் எனக்கு வலப்பக்கம் ஒரு அக்கா இருபத்தொரு வருடம் நின்றார். குரல் தண்டவாளம் மாதிரி நேராகப் போகும். அதைப் பிடித்துக்கொண்டு நானும் போவேன். போன வருடம் அவர் மகனோடு வசாய்க்குக் குடிபோய்விட்டார். அவர் இடம் காலியாகி, வலப்பக்கம் எனக்கு அடுத்து நேராக சோப்ரானோக்கள். புதிதாகச் சேர்ந்த ஆல்ட்டோப் பெண்கள் எல்லோரும் இடப்பக்கம். அவர்கள் பாடியது ஒரு வருடமாக எனக்குக் கேட்டதே இல்லை. கேட்கவில்லை என்பதையே அறியாமல், கேட்ட ராகத்தின் பின்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். குரலை நினைத்து எத்தனை நாள் மிளகும் பனங்கற்கண்டும் மென்றேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜீன்ஸ் தைக்கும் கார்கானா, எட்டு மெஷின். கல்யாணமாகி வந்ததிலிருந்து சுவரோரம் படுப்பது நான்தான். எனக்கு மெஷின் சத்தம் ஒன்றும் செய்யாது என்று சொல்லி நானே ஏற்றுக்கொண்ட இடம். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் எனக்கு உலகமே அடங்கிவிடும். மற்றவர்களுக்காக நான் செய்யும் தியாகம் என்று அதை மனதுக்குள் எத்தனை தடவை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். கேட்காத காதை மேலே வைத்து, கேட்கிற காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டு தூங்குவதில் என்ன தியாகம் இருக்கிறது. வெட்கமாக இருந்தது.

அன்று சமைக்கவில்லை. கடையிலிருந்து ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மகள் நம்பாமல் என் இடது காதருகே விரல்களைச் சொடுக்கிப் பார்த்தாள், கை தட்டிப் பார்த்தாள். பிறகு ஹெட்போனை எடுத்து, இடது மெத்தையின் மேல் நகச்சாயத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். "அம்மா, இந்தப் புள்ளி ஒன் ரைட்ல வரணும். உல்டாவா மாட்டு, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுப் பரணில் ஏறிப் போனாள். மேலே கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அவர் ரொட்டியைப் பிய்த்தபடி உட்கார்ந்திருந்தார். வயர் வைத்தது வாங்கியிருக்கலாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நான் பேசுனா நீ பதில் சொல்லாமப் படுத்திருப்பல்லா," என்றார். "நீ கோவத்துல இருக்கன்னுல்லா நெனச்சேன்."

எப்போது என்று கேட்டேன். எப்பவும்தான் என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது, லீவு நாளில், காய்ச்சல் கிடந்தபோது. முகத்தை அவர் பக்கம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல் படுத்திருப்பேனாம். முதலில் என்ன தப்புச் செய்தோம் என்று யோசிப்பாராம். அப்புறம் பேசுவதை விட்டுவிட்டாராம். எத்தனை வருடமாக என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை. என்ன பேசினீர்கள் என்று மட்டும் கேட்டேன். சும்மா பேசியதுதான், ஒன்றுமில்லை என்றார். எனக்கு அழுகை வந்தது. போன ஒரு வருடத்து ஆல்ட்டோவை மாஸ்டர் பதிவுசெய்து அனுப்பிவிடுவார். அந்த ஒன்றுமில்லாத பேச்சை எந்த ஹெட்போனில் போய்க் கேட்பது?

டாக்டர் மாஹிமில். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்துச் சத்தங்களைப் போட்டுப் பார்த்தார்கள். இடது காதில் நரம்பு போய்விட்டது, எப்போது போனது என்று சொல்ல முடியாது, சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று கேட்டார். வந்தது. கார்கானா சத்தத்தால் இருக்குமா என்று கேட்டேன். அதனால் என்றால் இரண்டு காதும் அல்லவா போயிருக்கும் என்றார். சுவரையும் குறை சொல்ல முடியாமல் போயிற்று. சரிசெய்ய ஒன்றுமில்லை, இருக்கிற காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மாஸ்டரிடம் சொன்னபோது, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா என்றார். எனக்கே தெரியாததை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. என்னை வரிசையின் இடது கோடிக்கு, தூணை ஒட்டி மாற்றினார். அங்கே இடப்பக்கம் சுண்ணாம்படித்த தூண் மட்டும்தான். ஆல்ட்டோப் பெண்கள் எல்லோரும் வலப்பக்கம். இருபத்திரண்டு வருட இடம் போனதே என்று ஒரு நாள் முழுக்க மனது அடித்துக்கொண்டது. அந்தப் பெண்கள் நன்றாகவே பாடினார்கள். சிவப்புப் புள்ளியை வலது காதில் மாட்டி நாலு வாரம் பழகினேன். திருப்பி மாட்டினால் வளைவு சரியாக உட்காராமல் காதின் மேல்பக்கம் வலிக்கும். ஒரு மாதக் கெடு முடிந்த பிறகு மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாட்டை நடுவில் நிறுத்தவும் இல்லை. சேலை என்ன நிறம் என்று கொயருக்கு அறிவிப்பு வந்தபோது என் போனுக்கும் வந்தது. அதை வைத்துத்தான் நான் நிற்கிறேன் என்று தெரிந்துகொண்டேன்.

கீத ஆராதனை ஒரு ஞாயிறு மாலை. கோயில் நிறைந்து வாசல்வரை ஆட்கள். ஒன்பது பாட்டு. முட்டிக்கால் கடுத்தது, ஜாக்கெட் வேர்வையில் ஒட்டியது, கடைசிப் பாட்டில் மூச்சு போதவில்லை. ஓரிடத்திலும் நழுவவில்லை.

முடிந்து சந்துக்குள் நடந்தோம். மகள் சிநேகிதிகளோடு பின்னால் வந்தாள். ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய இடத்தில் அவர் முன்னால் போனார். சந்து கொஞ்சம் அகன்றதும் நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருந்து, சாக்கடைப் பலகையை எட்டி மிதித்து என் வலப்பக்கம் வந்தார். ஏதோ குறை சொல்லத் தயங்குகிற மாதிரி மெதுவாக நடந்தார்.

"நீ பாடுனியா இன்னைக்கி?" என்றார். "நானும் காதத் தீட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒங்குரலு தனியா கேக்கவே இல்லியே."

கொயர் மாஸ்டர்கூட எனக்கு இதுவரை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று அவருக்கு விளக்க எனக்குச் சக்தி இல்லை. பாடினேன் என்று மட்டும் சொன்னேன். சரி என்றார். வீடு வரும்வரை, ஒர்க்‌ஷாப்பில் புதிதாக வந்த மெஷினைப் பற்றி என்னவோ சும்மா சொல்லிக்கொண்டே வந்தார்.